குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது

ஆபீசில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும், தெரியாமல் இருக்குமா? ஒரு ஃபைலில் நாலாம் பக்கத்தில் பிள்ளைக்கு மூணு வயசு என்றும் ஒன்பதாம் பக்கத்தில் மூணரை என்றும் இருந்தால், எழுதின ஆளைக் கூப்பிட்டு, "நடுவுல ஆறு மாசம் எங்க போச்சு?" என்று நிற்கவைத்துக் கேட்கிற மனுஷி அவள். அந்தப் பட்டப்பெயரில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அந்தப் பெருமை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் குப்புற விழுந்த கதைதான் இது.

குழந்தைகள் நல அலுவலகத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். முதல் பதினோரு வருஷம் வீடு வீடாகப் படியேறி இறங்கினாள். அப்புறம் சூப்பர்வைசர் ஆக்கி, கைவைத்த நாற்காலி ஒன்று கொடுத்து உட்காரச் சொன்னார்கள். அதுதான் வினை. அவளுக்கு உட்கார வராது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து ஜன்னலைத் திறப்பாள், திறந்ததை மூடுவாள், பீரோவில் அடுக்கியிருக்கிற ஃபைல்களை விரலால் தொட்டு எண்ணுவாள். வீட்டிலும் அதே கதைதான். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க, படி இறங்கின பிறகு இரண்டு தடவை திரும்பி ஏறுவாள். அவள் புருஷன் பஸ் டிரைவர், பதறாத ஆள். "எல்லாம் வச்சுப் படைச்ச ஆண்டவன் உன் காலுக்கு மட்டும் பிரேக் வைக்க மறந்துட்டான்" என்பார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அவள் பார்க்கிற வேலையும் அப்படிப்பட்ட வேலை. பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாமல் போன பிள்ளைகளைச் சொந்தக்காரர்கள் வீட்டில் ஒப்படைப்பார்கள். பதினோரு வாரம் மஞ்சள் ஃபைல்: வாரம் ஒருமுறை யாராவது போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுப் பச்சை ஃபைல் ஆக்குவாள். அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். அந்த ஒரு கையெழுத்துக்குப் பின்னால் பிள்ளை எப்படி இருக்கிறது என்று யாரும் ஓடி ஓடிப் பார்க்கப் போவதில்லை. அவளுக்கு ராத்தூக்கம் கெடுவது அந்தக் கையெழுத்தால்தான்.

அவளுக்குக் கீழே மூன்று பேர். ஒருவன் நெட்டை, வாசல்படி தவறாமல் தலையில் இடித்துக்கொள்கிறவன். இன்னொருத்தி சேர்ந்து ஆறு மாதமே ஆன பெண், எல்லோரும் அவளைப் புதுசு என்றே கூப்பிட்டார்கள். மூன்றாவது ஆள் அக்கா, அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிறவள், சூப்பர்வைசரையே "ஏய், சாப்பிட்டியா?" என்று கேட்கிற உரிமை உள்ளவள். ஒரே வீட்டுக்கு ஒரே ஆள் தொடர்ந்து போகக் கூடாது, பழகினால் கண்ணு மங்கிவிடும் என்று சொல்லி மூன்று பேரையும் மாற்றி மாற்றி அனுப்பினாள். அது அவள் கொண்டுவந்த ஏற்பாடு. ரிப்போர்ட்டின் கடைசியில் "குழந்தை என்ன சொன்னது?" என்று ஒரு கட்டம் இருக்கும். அதுவும் அவள் சண்டை போட்டுச் சேர்த்ததுதான். வீடு சுத்தம், சாப்பாடு சரி, எடை சரி என்று பெரியவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், பிள்ளை வாயால் ஒரு வார்த்தை வரவேண்டும் என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் மேஜைமேல் இருந்தது நாலரை வயசுப் பெண் ஒருத்தியின் மஞ்சள் ஃபைல். அம்மா நெடுநாள் வைத்தியத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. பதினோரு வாரத்துக்கு முன் பிள்ளையை அம்மாவின் அக்காவிடம், அதாவது பெரியம்மாவிடம் ஒப்படைத்திருந்தார்கள். பெரியம்மா தனி ஆள், வீட்டிலேயே தையல். திங்கட்கிழமை இந்த ஃபைல் பச்சையாக வேண்டும். சூப்பர்வைசர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசிக் கட்டங்களை மட்டும் வரிசையாக எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

முதல் வாரம்: "இந்த வீட்டுல பூனை இல்லை." இரண்டாவது வாரம்: "பொம்மைக்குச் சட்டை தைச்சாச்சு, எனக்குத்தான் இன்னும் தைக்கல." ஐந்தாவது வாரம்: "அக்கா, உங்க தலையில ஏன் பாதி வெள்ளை?" அதைப் படித்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கேட்ட கேள்வியையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாளே அக்கா! எட்டாவது வாரம்: "பட்டன் டப்பா என் டப்பா."

ஒன்பதாவது வாரம், நெட்டையின் கையெழுத்தில்: "குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பவில்லை."

பத்தாவது வாரம், புதுசின் உருட்டி உருட்டி எழுதிய எழுத்தில்: "குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது."

பதினோராவது வாரம், அக்கா: "தூக்கம்."

பேனா நின்றுவிட்டது. மூன்று தாளின் கீழேயும் அவளுடைய கையெழுத்து, தேதியோடு. வாரம் ஒன்றாக வந்தது, வாரம் ஒன்றாகப் போட்டாள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் தப்பில்லை. மேலே நேரத்தைப் பார்த்தாள். முதல் தடவை காலை பதினொரு மணி. அடுத்தது சாயந்திரம் நாலரை. நேற்று அக்கா போனது ஒன்பதரை மணிக்கு. நாலரை வயசுப் பிள்ளை காலையில் ஒன்பதரை மணிக்குத் தூங்குமா? 

மூன்று பேரையும் கூப்பிட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

"பிள்ளை முகத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம்" என்றான் நெட்டை. "வாசல்ல இருந்து. சத்தம் வரக்கூடாதுன்னு செருப்பைக்கூடக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டேன்."

"நானும் அப்படித்தான்" என்றாள் புதுசு. "கழுத்து வரைக்கும் போர்வை போர்த்தி அழகா தூங்கிட்டு இருந்தா."

"போர்வையா? அடிக்கிற வெயிலுக்கு நான் விசிறி இல்லாம நிக்க முடியாம தவிக்கிறேன், கழுத்து வரைக்கும் போர்வையா?"

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நேத்தும் போர்வைதான்" என்றாள் அக்கா மெல்ல. "எனக்குத் தோணலடி. தூங்குற பிள்ளையைப் பார்த்தா மனசு குளிர்ந்துபோகுது, வேற என்ன தோணும்?"

"ஒரு தடவை எழுப்பிப் பார்க்க யாருக்கும் தோணலையா? மூணு பேரு! மூணு பேருக்கும் சேர்த்து ஒரு மூளையாவது வேண்டாமா?"

புதுசுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஆனால் வாயை மூடவில்லை. நல்ல பெண். "தூங்குற பிள்ளையை எழுப்பினா என் ரூம் பக்கம் வராதீங்கன்னு நீங்கதானே மேடம் மீட்டிங்ல சொன்னீங்க?"

சொன்னாள். சொல்லாமல் என்ன? போன வருஷம் பல் முளைக்கிற கைக்குழந்தை ஒன்றை, எடை பார்க்கிறேன் என்று நெட்டை எழுப்பிவிட்டு வந்தான். அது சாயந்திரம் வரைக்கும் வீறிட்டது என்று தாய்க்காரி டைரக்டருக்கே எழுதிப்போட்டாள். டைரக்டர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுப் பிடிபிடியென்று பிடித்தார். வாங்கின சூட்டோடு இறங்கி வந்து, விரலை ஆட்டி ஆட்டி அவள் சொன்ன வார்த்தைதான் அது. அவள் எதையும் அரைகுறையாகச் சொல்லிப் பழக்கமில்லை. அதன் பலன் இப்போது மேஜைமேல் மூன்று தாளாகக் கிடந்தது.

"பையை எடு" என்றாள் புதுசிடம். "கிளம்பு."

ஆபீஸ் வண்டி வெளியே போயிருந்தது. பஸ்ஸில் போனார்கள். பாதி பஸ் காலி, ஆனாலும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குகிறவர்கள் மெதுவாக இறங்குகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். போர்வைக்கு அடியில் என்ன இருக்கும்? இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பார்க்காததா? பார்த்ததெல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றது. திங்கட்கிழமை என்றால் கையெழுத்துப் போட்டிருப்பேனே, மூணு மாசத்துக்கு ஒருத்தரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்களே என்று நினைத்தவள், நிறுத்தம் வருவதற்கு முன்பே படிக்கட்டுக்கு வந்து நின்றாள்.

வீடு இரண்டாவது மாடி. படி திரும்பும் இடத்திலேயே பிள்ளையின் குரல் கேட்டது. வார்த்தை இல்லாத பாட்டு, லா லா என்று இழுத்து. கூடவே தையல் மெஷின் ஓடுகிற சத்தம். சூப்பர்வைசர் கதவைத் தட்டினாள். பாட்டு பட்டென்று நின்றது. மெஷின் நின்றது. குட்டிக் கால்கள் ஓடுகிற சத்தம், கட்டில் கிரீச்சிடுகிற சத்தம். அதற்கப்புறம்தான் கதவு திறந்தது.

கழுத்தில் டேப்போடு பெரியம்மா நின்றாள். நேற்றுத்தான் வந்துபோனார்கள், இன்றைக்கு மறுபடியும் எதற்கு என்ற கலவரம் கண்ணில் தெரிந்தது. "வாங்க மேடம். உக்காருங்க. பிள்ளை இப்பதான் தூங்குச்சு."

"இப்பதாம்மா பாடிட்டு இருந்தா."

பெரியம்மா வாசலை விட்டு நகரவில்லை. சூப்பர்வைசர் அவளைத் தாண்டி உள்ளே போனாள்.

அறை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஜன்னலோரம் மெஷின், நீள வெட்டுமேஜை, நிறம் நிறமாக நூல்கண்டுகள். கட்டிலில் கழுத்து வரை போர்வையோடு பிள்ளை படுத்திருந்தது. வாசலில் நின்று பார்த்தால் தூக்கம்தான். கிட்டே போய் முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், தூங்குகிற பிள்ளை கண்ணை இப்படி இறுக்கி மூடாது. இமை துடித்தது. ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. போர்வைக்கு வெளியே கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் போர்வையை விலக்கினாள்.

இடது கை முழங்கைக்குக் கீழே துணி சுற்றிக் கட்டியிருந்தது. கட்டுக்குள்ளே முட்டுக்கொடுக்கத் துணி அளக்கிற மரஸ்கேலைப் பாதியாக வெட்டி வைத்திருந்தார்கள். கையைத் தாங்கக் கழுத்திலிருந்து ஒரு தூளி, பிள்ளை போட்டிருந்த பூப்போட்ட கவுன் துணியிலேயே மடித்துத் தைத்தது, ஓரத்தில் லேஸ்கூட வைத்து. இவ்வளவு அழகான கட்டை அவள் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. ஆனால் கட்டுக்குக் கீழே மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"என்னம்மா இது?" என்றாள் சூப்பர்வைசர்.

பெரியம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "பட்டன் டப்பாவை எடுக்குறேன்னு வெட்டுமேஜை மேல ஏறிட்டா மேடம். நான் அடுப்புப் பக்கம் போயிருந்தேன். ஒரு நிமிஷம்தான். விழுந்துட்டா. பதினேழு நாளாச்சு."

"பதினேழு நாளா! ஆஸ்பத்திரிக்குப் போக உனக்கு என்ன கேடு?"

"போனா உங்களுக்குச் சொல்லிடுவாங்களே!" பெரியம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பிள்ளையைக் கையில கொடுத்த அன்னைக்கு நீங்க சொன்னீங்களே மேடம். இவ மேல ஒரு கீறல் பட்டாலும் அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்னு. இது கீறலா? எலும்பு! என் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? தட்டுற சத்தம் கேட்டா ஓடிப்போய்ப் படுத்துக்கணும், இல்லன்னா உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அது பாவம், சிரிச்சுக்கிட்டே ஓடும். இப்போ சிரிக்கிறதுகூட இல்ல."

சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது. அதுவும் அவள் சொன்ன வார்த்தைதான். பிள்ளையை ஒப்படைக்கிற ஒவ்வொருவரிடமும் விரலை ஆட்டி அதைச் சொல்வாள். சொன்னால் கவனமாக இருப்பார்கள் என்று நினைத்தாள். இங்கே ஒரு வார்த்தை பிள்ளையைப் போர்வைக்குள் தள்ளியது, இன்னொரு வார்த்தை அவளுடைய ஆட்களை வாசலிலேயே நிறுத்தியது. இரண்டும் அவள் வாயிலிருந்து வந்தவை. யாரைத் திட்டுவது?

பிள்ளை இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"கண்ணு, எழுந்திரிம்மா. உன் கையைச் சரி பண்ணிட்டு வரலாம்" என்றாள் சூப்பர்வைசர். பிள்ளை அசையவில்லை. பெரியம்மா கிட்டே வந்து, "எழுந்திரிடா செல்லம், போதும்" என்ற பிறகுதான் கண்ணைத் திறந்து, சூப்பர்வைசரைப் பார்க்காமல் பெரியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கோணலா ஒட்ட ஆரம்பிச்சிருக்கு" என்றார். "மயக்கம் கொடுத்து நிமிர்த்திக் கட்டணும். இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தீங்கன்னா கை இப்படியே நின்னிருக்கும்." சூப்பர்வைசர் திங்கட்கிழமையிலிருந்து மூன்று மாதத்தை விரலில் எண்ணிப் பார்த்தாள். எண்ணி முடிக்கத் தைரியம் வரவில்லை.

நர்ஸ் வந்து பிள்ளையிடம், "இப்போ நீ சமர்த்தா தூங்குவியாம், எழுந்திருச்சா கை சரியாயிடுமாம்" என்றாள்.

பிள்ளை பெரியம்மாவைப் பார்த்தது. "இப்போ நிஜமாவா தூங்கணும்?"

பெரியம்மா தலையை ஆட்டினாள். புதுசு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். "எழுந்திரிக்கும்போது நீ இருப்பியா?" என்று கேட்டது பிள்ளை. பெரியம்மா சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தாள்.

அங்கேதான் சிக்கல். ஒப்படைத்த வீட்டில் பிள்ளைக்கு அடிபட்டால், விசாரணை முடிகிற வரைக்கும் அந்த வீட்டுப் பெரியவர் பிள்ளை பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. அவளுக்கு அந்த விதி மனப்பாடம். தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு நடை நடந்தாள். அப்புறம் டைரக்டருக்குப் போன் போட்டாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்புங்க" என்றார் அவர். "மத்ததைத் திங்கக்கிழமை பார்த்துக்கலாம்."

"அதிகாரி ஒருத்தர் கண்ணு முன்னாலன்னா இருக்கலாம்னு விதியிலேயே இருக்கு சார். ஏழாவது பாரா. நான் இருக்கேன்."

"எவ்வளவு நேரம்?"

"பிள்ளை எழுந்திரிக்கிற வரைக்கும்."

"நீங்க? ஒரே இடத்துல?" போனில் அவர் சிரித்தது கேட்டது.

"சிரிக்காதீங்க சார். இன்னொண்ணும் சொல்லிடுறேன். ரிப்போர்ட்ல முதல் தப்பு என்னோடதுன்னு எழுதப் போறேன். ரெண்டாவது தப்பும் என்னோடதுதான். அந்த அம்மாவோடது மூணாவது. அந்த வரிசையிலதான் விசாரிக்கணும்." அவர் சிரிப்பை நிறுத்துவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

புதுசை வீட்டுக்கு அனுப்பினாள். புருஷனிடமிருந்து போன் வந்தது. "எங்க இருக்க?" என்றார். "ஆஸ்பத்திரியில ஒரு பிள்ளைக்குத் துணையா உக்காந்திருக்கேன்" என்றாள். "உக்காந்திருக்கியா?" என்று ஆச்சரியப்பட்டவர், குரலைக் கேட்டதும் கிண்டலை விட்டுவிட்டு, "அடுப்பை நான் பார்த்துக்குறேன், நீ இரு" என்றார்.

சாயந்திரம் ஆறரைக்குப் பிள்ளையை வெள்ளை மாவுக்கட்டோடு வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கை நேராக இருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் பெரியம்மா, இந்தப் பக்கம் சூப்பர்வைசர். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, இமை துடிக்கவில்லை, விரல்கள் தளர்ந்து கிடந்தன. நிஜமான தூக்கம் எவ்வளவு வேறு மாதிரி இருக்கிறது! அவளுடைய கால் எழுந்திரு எழுந்திரு என்றது. ஒரு முழங்காலின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாவிடம் மன்னிச்சுக்கோம்மா என்று சொல்ல வாயெடுத்தாள், வாயெடுத்ததோடு சரி.

ஏழே முக்காலுக்குப் பிள்ளை முனகியது. தலையை அந்தப் பக்கம் திருப்பியது. கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பெரியம்மா."

"இங்கதான் இருக்கேன்டா செல்லம்."

பிள்ளை குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டது. "அவங்க போயிட்டாங்களா?"

பெரியம்மா சூப்பர்வைசரைப் பார்த்தாள். "இல்லடா... இங்கதான் இருக்காங்க. பயப்படாத, நல்லவங்கதான், கண்ணைத் திற" என்றாள். பிள்ளை திறக்கவில்லை. மயக்கம் பாதிகூடத் தெளியாத அந்த நேரத்திலும், கற்றுக்கொடுத்தது மறக்காமல், கண்ணை முன்னைவிட இறுக்கி மூடிக்கொண்டது.

இருபத்திரண்டு வருஷம் யாரிடமிருந்தாவது பிள்ளைகளைக் காப்பாற்றுகிற ஆள் தான்தான் என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைக்கு அவள்தான் கதவைத் தட்டுகிற ஆள். சத்தம் வராமல் எழுந்தாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள், வெளியே போனாள். போகிறபோது கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்தினாள், போய்விட்டாள் என்று உள்ளே கேட்கட்டும் என்று.

கதவில் ஒரு சதுரக் கண்ணாடி இருந்தது. அதற்கு ஒரு பக்கமாக, உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாதபடி நின்றுகொண்டாள். கண்முன்னால் இருக்க வேண்டும் என்கிற விதிக்கு அது போதும். பையிலிருந்து ரிப்போர்ட் தாளை எடுத்துச் சுவரில் வைத்து, "குழந்தை என்ன சொன்னது?" என்ற கட்டத்தில், பிள்ளை சொன்னதை அப்படியே எழுதினாள்: "அவங்க போயிட்டாங்களா?" கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம் நகராமல் அங்கேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, பிள்ளை கண்ணைத் திறந்து பெரியம்மாவிடம் மாவுக்கட்டைக் காட்டி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தது.